சோனை போன தெரு

நிஃப்லா டீச்சருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு நாவல். அவள் எழுதிய நாவல் அல்ல, அவள் விளக்கிய நாவல். அதை விளக்கியதற்காகக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவளைப் பற்றி நாலு பேர் நல்லதாகக் கதைத்தார்கள். பிறகு அதே நாவலால் கூடப்பிறந்த தங்கையோடு மனம்விட்டுப் பேசுவது அற்றுப் போயிற்று. வாசிக்கிற ஆசையும் விட்டுப் போயிற்று.

ஆலங்குடாவில் இருக்கிறாள். கற்பிட்டிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறாள். கணவர் நஜாத் கட்டாரில். பிள்ளைகள் இல்லை. ஆனால் பிறந்த ஊர் இது அல்ல. மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் அறிவித்தபோது அவளுக்குப் பத்து வயது. மழையில் நனைந்தபடி கடற்கரையில் வள்ளத்துக்குக் காத்திருந்தது, கைக்குழந்தையாயிருந்த தங்கை மர்ஷூதாவை உம்மா சேலைக்குள் பொத்தி வைத்திருந்தது, கற்பிட்டிக் கரையில் முன்பின் தெரியாத ஒருவர் தன்னைத் தூக்கி இறக்கிவிட்டது, இவ்வளவும் அவளுக்கு ஞாபகம். பிறகு கிடுகுக் கொட்டில், நிவாரண அரிசி, தண்ணீருக்கு வரிசை. அந்த வரிசையில் நின்றுதான் அவள் பெரியவளானாள்.

வாப்பா அபூசாலிக்கு மன்னார் பஸாரில் தேத்தண்ணிக் கடை இருந்தது. பக்கத்தில் பஸ்தியானின் சைக்கிள் கடை. இரண்டு பேரும் ஒரே பாணைப் பிய்த்துத் தின்றவர்கள். வெளிக்கிடச் சொன்ன அன்று கடையைப் பூட்டிய திறப்பைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று வாப்பா பஸ்தியானின் வீட்டுக்குப் போனார். உள்ளே ரேடியோ பாடியது. தட்டினார், கூப்பிட்டார், கதவு திறக்கவில்லை. திறப்பைச் சேட்டுப் பையிலேயே கொண்டுவந்துவிட்டார். உம்மாவிடம் இதைச் சொன்னபோது பாயில் தூங்குகிற மாதிரிக் கிடந்த நிஃப்லாவுக்கும் கேட்டது. அதற்குப் பிறகு மன்னாரைப் பற்றி வாப்பா வாயே திறக்கவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

நாவலைக் கொண்டுவந்து தந்தது நிஷாந்தினி. அதே பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிற, எத்தாளைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். "வாசிச்சன், ஒண்டும் விளங்கல்ல. உங்களுக்கு விளங்கும்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள். புத்தகத்தின் பெயர் 'கரையும் கரை'. எழுதியவர் கில்பட். மன்னார்க்காரர், கனடாவில் இருக்கிறார். கதை என்று நேராக ஒன்றும் கிடையாது. நிறுத்தக்குறி இல்லாத வசனங்கள், சேர்த்தால் ஒரு பொருளும் பிரித்தால் வேறு பொருளுமாகிற சொற்கள், யாருடைய குரல் என்று சொல்லாமல் மாறி மாறி வருகிற குரல்கள். ஓரிடத்தில் பறங்கியர் கப்பல் நிற்கும், அடுத்த வரியில் மோட்டார் சைக்கிள் போகும்.

நிஃப்லாவுக்கு அது பிடித்துப் போயிற்று. மாதம் ஒரு தடவை பாடசாலை விட்ட பிறகு நாலைந்து ஆசிரியர்கள் நூலகத்தில் கூடி வாசிப்பார்கள். அவர்களுக்கு அவள் தலைப்பையே ஒரு பின்னேரம் முழுக்க விளக்கினாள். "கரை எண்டா கடற்கரை. கரையிறது எண்டா தண்ணியில உப்புக் கரையிற மாதிரி இல்லாமப் போறது. காகம் கரையிறது எண்டா ஆளைக் கூப்புடுறது. இல்லாமப் போற கரை ஒண்டு, போன ஆக்களக் கூப்புட்டுக்கொண்டே இருக்கு. மூண்டும் ஒரே சொல்லுக்குள்ள."

பத்தாம் அத்தியாயத்தில் அவள் நின்றுவிட்டாள். ஒரு ஊர் வெறுமையாகக் கிடக்கிறது. கதவுகள் திறந்தபடி, அடுப்பில் சோறு வெந்தபடி. ஒரு குரல் பெயர்களைக் கூப்பிடுகிறது, ஒருவரும் ஓம் என்று சொல்லவில்லை. 'பத்து மாதத்தில் ஊர் பெற்றது, பெற்றதைக் கடலில் விட்டது' என்று ஒரு வரி. 'சோனைகள் போன தெருவில் ஈரம் காயவில்லை' என்று இன்னொன்று.

சோனை என்றால் விடாமல் பெய்கிற மழை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் சோனகர் என்று சொல்லப்படுகிற முஸ்லிம்கள் நிற்கிறார்கள் என்று நிஃப்லாவுக்குத் தோன்றியது. பத்து மாதம் என்றால் பிள்ளை வயிற்றில் இருக்கிற காலம். பத்தாம் மாதம் என்றால் ஒக்டோபர். கடலில் விட்டது யாரை? வள்ளத்தில் ஏற்றி விட்டது யாரை? அந்தப் பக்கத்தை நிஷாந்தினியிடம் நீட்டினாள்.

"எனக்கு இது எங்கட வேதசாட்சிகளப் பத்தின மாதிரிக் கிடக்கு" என்றாள் நிஷாந்தினி. "அந்தக் காலத்தில யாழ்ப்பாணத்து ராசா மன்னாருக்கு வந்து வேதத்துக்குச் சேர்ந்த சனத்த வெட்டினவன்தானே. கோயில்ல சொல்லுவாங்க."

"வெட்டினதெண்டா அடுப்பில சோறு எப்பிடி வேகும்? இது வெட்டினதில்ல, நிஷாந்தினி. கிளப்பினது" என்றாள் நிஃப்லா.

அடுத்த கிழமை வகுப்பில் ஆய்த எழுத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அந்த எழுத்தோடு அவளுக்குப் பழைய வழக்கு உண்டு. முகாமில் பெயர் பதிந்த உத்தியோகத்தர் நடுவிலிருந்த மூன்று புள்ளியையும் விட்டுவிட்டார். அடையாள அட்டையில் அவள் இன்றைக்கும் 'நிப்லா'தான். கரும்பலகையில் ஃ என்று எழுதியபோது சட்டென்று அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. கில்பட் ஒரு பழங்காலத்து நடை வைத்திருந்தார். அது, இது என்று எழுதாமல் அஃது, இஃது என்று எழுதுவார். முதல் ஒன்பது அத்தியாயத்திலும் பக்கத்துக்குப் பக்கம் அந்த எழுத்து. பஸாரில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற ஹனீஃபா என்ற ஒருவரும் அங்கேதான் வருகிறார். பத்தாம் அத்தியாயத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அஃது இல்லை, வெறும் அது. ஹனீஃபாவும் இல்லை. அவள் விரல் வைத்து வரி வரியாகத் தேடினாள். அந்த எழுத்து ஒரு இடத்திலும் இல்லை.

முஸ்லிம்களின் பெயருக்குள் குடியிருக்கிற எழுத்தை ஒரு தமிழ் எழுத்தாளர் தன் நாவலின் நடுவிலிருந்து ஒரேயடியாக வெளியேற்றியிருக்கிறார். போன பிறகு வசனங்கள் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருக்கின்றன. அது இல்லாதது ஒருவருக்கும் தெரியவில்லை. நடந்ததும் அப்படித்தானே! இப்படித்தான் நிஃப்லா கட்டுரை எழுதினாள். கொழும்பிலிருந்து வருகிற சஞ்சிகை ஒன்று அதைப் போட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். ஒருவருக்கும் விளங்காமல் கிடந்த நாவல் அதற்குப் பிறகுதான் விற்கத் தொடங்கியது.

அதெல்லாம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பெரிது வாப்பா.

ஒரு பின்னேரம் வாப்பா கதிரையில் இருந்தபடி, "என்ன புள்ள, ஒரே எழுத்தா இருக்கு?" என்று கேட்டார். அவள் பயந்து பயந்துதான் தொடங்கினாள். அத்தியாயத்தை வாசித்துக் காட்டினாள். சோனையைச் சொன்னாள், பத்து மாதத்தைச் சொன்னாள், ஹனீஃபாவின் தேத்தண்ணிக் கடையைச் சொன்னாள், எழுத்துப் போனதைச் சொன்னாள். மர்ஷூதாவும் கட்டிக்கொடுத்த ஊரான கனமூலையிலிருந்து வந்திருந்தாள், பக்கத்தில் இருந்து கேட்டாள். வாப்பா எழுந்து போகவில்லை.

"எழுதினது ஆரு?"

"மன்னார் ஆள், வாப்பா. வேதக்காரர்."

"பஸ்தியான்ட ஆக்களா?"

"தெரியா வாப்பா."

வாப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு வாய்விட்டு அழுதார். வள்ளத்திலும் கொட்டிலிலும் உம்மா மௌத்தாகி அடக்கம் செய்த அன்றும் அழாத மனிதர். "அந்தக் கடையயும் எழுதியிருக்கானே" என்றார். "ஒரு ஆள் பாத்திருக்கான் புள்ள. அங்கால ஒரு ஆள் இருந்திருக்கான்."

அன்றையிலிருந்து அவர் மாறினார். மன்னாரைப் பற்றிப் பேசினார். கடையில் வடை சுட்ட கதை, முத்துக் குளிக்க வந்தவர்களைப் பற்றித் தன் வாப்பா சொன்ன கதை, எல்லாம் வெளியே வந்தன. மகள்மார் இரண்டு பேரும் முதல் தடவையாகக் கேட்டார்கள். மர்ஷூதாவுக்கு அவள் பிறந்த ஊரே அந்தக் கதைகளில்தான் கிடைத்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாப்பா அந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டுவார். அவருக்குச் சரியாக வாசிக்க வராது, பத்தாம் அத்தியாயம் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் தெரியும். "அவருக்கு என்ட ஸலாத்தச் சொல்லு" என்று நச்சரித்தார். நிஃப்லா கில்பட்டுக்கு எழுதினாள். இரண்டு வரியில் பதில் வந்தது. 'வாப்பாவின் கண்ணீருக்கு நான் தகுதியானவனா தெரியவில்லை. அவருக்கு என் வணக்கம்.' அதை வாசித்துக் காட்டியபோது வாப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

சில வருடங்களில் வாப்பா மௌத்தானார். அமைதியாகப் போனார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

போன வருடம் நாவலின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதையும் நிஷாந்தினிதான் புத்தளத்திலிருந்து வாங்கி வந்தாள். "டீச்சர், உங்கட கட்டுரையப் பின்னுக்குப் போட்டிருக்காங்க!" பின்னட்டையில் 'வெளியேற்றப்பட்ட ஒரு சமூகத்துக்காக மௌனமாய் அழுத நாவல்' என்று அச்சடித்திருந்தது. நிஃப்லாவை யாரும் கேட்கவில்லை. என்றாலும் சந்தோசமாகத்தான் இருந்தது. பத்தாம் அத்தியாயத்தைத் திறந்தாள். முதல் வரியிலேயே 'அஃது' என்று இருந்தது. பக்கத்தைப் புரட்டினாள். இஃது. அஃது. கடைசி அத்தியாயம் வரை மூன்று புள்ளிகளும் வரிசையாகத் திரும்பி வந்திருந்தன.

நிஷாந்தினி ஏதோ கேட்டாள். நிஃப்லாவுக்குக் காதில் விழவில்லை. அன்று பின்னேரமே கில்பட்டுக்குப் போன் எடுத்தாள்.

"ஆ, டீச்சர்! புத்தகம் கிடைச்சுதா? உங்களிட்டக் கேக்காமக் கட்டுரையைப் போட்டிட்டம், பதிப்பகத்தார் அவசரப்பட்டிட்டினம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அது பரவால்ல. பத்தாம் அத்தியாயத்துக்குப் பிறகும் ஆய்தம் இருக்கே, ஸேர். முதல் பதிப்பில இல்லையே."

"அது ஒரு பிழை, டீச்சர். பழைய எழுத்துருவில அடிச்சதைப் புதுசுக்கு மாத்தேக்க, இரண்டாம் பாதியில அந்த எழுத்து விழுந்து போச்சு. அஃதுவில அது விழுந்தாலும் 'அது' எண்டு சரியாத்தானே நிக்கும். அதால ஒருத்தரும் காணேல்லை. நானும் காணேல்லை. உங்கட கட்டுரையைப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சது. இந்த முறை புரூஃப் பாத்த பிள்ளை கெட்டிக்காரி, மூலத்தை வைச்சுத் திருத்திப்போட்டுது."

நிஃப்லா முதல் பதிப்பை எடுத்துத் திறந்தாள். "அப்ப சோனை?"

"மழைதானே."

"பத்து மாதம்?"

"பிள்ளைப்பேறு." அவருடைய குரல் இறங்கியது. "அது எங்கட வேதசாட்சிகளின்ர கதை, டீச்சர். திருவிழாவுக்குத் திருவிழா பிரசங்கத்தில கேட்டு வளந்தது. அந்தச் சனத்தை நினைச்சுத்தான் எழுதினன்."

"ஹனீஃபாட தேத்தண்ணிக் கடை?"

"அது உண்மையான கடை! பஸார்ல இருந்தது. பேர்தான் மாத்தினன். பள்ளிக்கூடம் விட்டா அங்கதான் நிப்பம். நல்ல வடை."

"பிறகு அவர் வாறதே இல்லையே, ஸேர்."

"பிறகு கதைக்கு அவர் தேவைப்படேல்லை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும்.

"நாங்க வெளிக்கிட்ட நேரம் நீங்க எங்க இருந்தீங்க?" என்று நிஃப்லா கேட்டாள்.

"மன்னார்லதான். ஏ.எல். படிச்சுக்கொண்டிருந்தன். வெளியில போகவேண்டாம் எண்டு வீட்டில சொல்லிப்போட்டினம். பயம், டீச்சர். அப்ப எல்லாருக்கும் பயம்."

"பயம்தான். விளங்குது. வாப்பாட ஸலாத்துக்கு ஏன் அப்பிடி மறுமொழி எழுதினீங்க?"

"வயசான மனுசன். இல்லையெண்டு எழுத எனக்கு மனம் வரேல்லை."

அவர் பொய்யர் இல்லை என்பதுதான் நிஃப்லாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பொய்யரென்றால் ஏசிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். இவர் நல்ல மனிதர். நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முந்திச் செத்தவர்களுக்காக இரவு பகலாக இருந்து, ஒவ்வொரு சொல்லையும் பிளந்து அதற்குள் அவர்களை வைத்து எழுதியவர். தான் வடை வாங்கித் தின்ற கடைக்காரர் மழையில் நடந்து போனது மட்டும் அவருடைய ஒரு சொல்லுக்குள்ளும் இருக்கவில்லை. அவள்தான் தன் வாப்பாவை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

அடுத்த மாதம் கில்பட் இலங்கைக்கு வந்தார். புத்தளத்தில் நூல் அறிமுகம். பேசுவதற்கு நிஃப்லாவின் பெயரை முன்னமே அச்சடித்துவிட்டார்கள். போனில் கேட்டதையெல்லாம் நிஷாந்தினியிடம் சொல்லி, போகாமல் விடலாமா என்று கேட்டாள். "போங்க. நானும் வாறன்" என்றாள் அவள். வேதசாட்சிகளின் கதை என்று அன்றைக்கே சொன்னேனே என்று நிஷாந்தினி ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும் போல நிஃப்லாவுக்குத் தோன்றியது.

மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். நிஃப்லா சுருக்கமாகப் பேசினாள். நான் எழுதிய விளக்கம் பிழை, எழுத்து விழுந்தது அச்சுக்குப் போகும்போது நேர்ந்த தவறு, இந்த நாவல் எங்களைப் பற்றியது அல்ல என்றாள். சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கில்பட் குனிந்துகொண்டார்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த விரிவுரையாளர் எழுந்தார். டீச்சர் வீணாகத் தன்னைக் குறை சொல்லுகிறார் என்றார். பிரதி வெளியே வந்த பிறகு ஆசிரியனுக்கு அதில் உரிமை இல்லை, அச்சுப்பிழையும் பிரதியின் பகுதிதான், டீச்சரின் வாசிப்புத்தான் இந்த நாவலின் உண்மையான பொருள் என்றார். நல்லாகத்தான் பேசினார். கைதட்டினார்கள்.

நிஃப்லா மறுபடியும் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினாள்.

"ஸேர் சொல்றது சரியா இருக்கலாம். பிரதிக்கு ஆசிரியர் தேவைப்படாம இருக்கலாம். எங்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டிச்சு. சொல்லுக்குப் பின்னால ஒரு ஆள். அவர் எங்கள நினைச்சாரு எண்டுதான் என்ட வாப்பா அழுதாரு. சொல்லு தானா நினைக்காது, ஸேர்."

தலைவர் அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டார்.

வாசலில் கில்பட் வந்து நின்றார். போனில் கேட்டதை விட வயதானவராக இருந்தார். "டீச்சர், இனி எழுதுவன். நேராவே எழுதுவன்" என்றார்.

"எழுதுங்க" என்றாள் நிஃப்லா. "வாசிக்க வாப்பா இல்ல."

தங்கையிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கூட்டத்தில் சொன்னது வேறு யாராவது மூலம் அவளுக்குப் போய்ச் சேரும் என்று நிஃப்லா நினைத்தாள். கனமூலைக்குப் போனாள். மர்ஷூதா சமைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு அடுப்பை நிற்பாட்டினாள்.

"ஏன் இத இப்ப வந்து சொல்றீங்க, ராத்தா?"

"உண்மை தெரியணும்தானே."

"ஆருக்குத் தெரியணும்? வாப்பாக்கா? அவர் நிம்மதியா மௌத்தாகிட்டாரு. எனக்கா? எனக்கு மன்னார் எண்டா வாப்பா சொன்ன கதைதான். அந்தப் புத்தகத்தால அவர் வாயைத் தொறந்தாரு. என்ட புள்ளைகளுக்கு அதத்தான் சொல்லிக் குடுத்தன், எங்களுக்காக ஒருத்தர் எழுதியிருக்காருண்டு. இப்ப அதுகள்ட மூஞ்சியப் பாத்து என்னத்தச் சொல்ற?"

"நான் வேணுமெண்டு செய்யல்ல, மர்ஷூதா."

"உங்களுக்குப் படிப்பிருக்கு. ஒரு சொல்ல ரெண்டாப் பிரிப்பீங்க, புறகு இல்லையெண்டு சேப்பீங்க. நாங்க நம்பினவங்க." மர்ஷூதா அழவில்லை. "போங்க ராத்தா. சாப்புட்டுட்டுப் போங்க எண்டு சொல்ல இப்ப எனக்கு ஏலா."

நிஃப்லா மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றாள். வாப்பாவின் கதைகள் பொய்யாகிவிடவில்லை, அவை நடந்தவைதான் என்று சொல்லியிருக்கலாம். அது பஸ் பாலாவியால் கற்பிட்டிப் பக்கம் திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்திருந்தாலும் மர்ஷூதா கேட்டிருப்பாளோ தெரியாது.

பெருநாளுக்குப் பெருநாள் இப்போது இருவரும் காண்கிறார்கள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார்கள், மீன் விலையைப் பற்றிக் கதைப்பார்கள். வாப்பாவின் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் அடுப்பைப் பார்க்க என்று எழுந்து குசினிக்குப் போய்விடுவார். நூலகத்துக் கூட்டம் நின்றுவிட்டது. கட்டுரை பிழை என்று அவள் சஞ்சிகைக்கு எழுதி அனுப்பினாள், போடவில்லை. இன்றைக்கும் எப்போதாவது ஒரு மாணவி போன் எடுத்து அந்த ஆய்த விளக்கத்தைப் பற்றி ஆய்வு செய்வதாகச் சொல்லுகிறாள். நடந்ததை நிஃப்லா பொறுமையாகச் சொல்லுவாள். "அப்ப அத அடிக்குறிப்பில போடுறன், மிஸ்" என்பாள் அந்த மாணவி.

வகுப்பில் இலக்கணம்தான் கூடுதலாகப் படிப்பிக்கிறாள். அதில் சரி, பிழை இரண்டுதான். கண் மட்டும் பழைய கண்ணாகவே இருக்கிறது. பத்திரிகைத் தலைப்பில், கடைப் பலகையில், பஸ்ஸின் பின்கண்ணாடியில் எங்கேயாவது ஒரு சொல் அவளுக்கு இரண்டாகப் பிரிகிறது, பின்னால் ஆள் நிற்கிற மாதிரித் தெரிகிறது. அப்போது அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.